214 பேரை வைத்து ஊருக்கே சதவீதம் சொல்லலாமா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலை 10 மணி முதல் 1 மணி வரை இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தியிருக்கிறார்கள். 214 பேர் வந்தார்கள். 81 பேருக்கு அளவு 140-க்கு மேல் இருந்தது. கணக்குப் போட்டால் 38 சதவீதம். ஊர் மக்கள் தொகை 3,300. "எங்கள் ஊரில் 38 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 1,250 பேருக்குச் சர்க்கரை நோய். வாரம் ஒரு நாள் மருத்துவர் ஊருக்கே வர வேண்டும், மாத்திரை இங்கேயே கிடைக்க வேண்டும்" என்று மனு எழுதி கிராம சபையில் வாசித்திருக்கிறார். வந்திருந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், "முகாமுக்கு வந்தவங்க கணக்கை ஊர்க் கணக்குன்னு எழுதாதீங்கம்மா, இது செல்லாது" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நம் வாசகிக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் நாத்தனார் மகள், "மாதிரின்னா 10 சதவீதம் இருக்கணும் அத்தை, இன்னும் 116 பேரைச் சோதிச்சுட்டா 330 ஆயிடும், அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது" என்கிறாளாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 30 பேரே போதும் என்கிறாராம். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றுதானே சொல்கிறோம், 214 பேர் போதாதா? இல்லை, வீடு வீடாகப் போய் எல்லாரையும் சோதித்துவிடட்டுமா?" என்பது வாசகியின் கேள்வி. கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு விஷயம்: முகாம் முடிவுகளைப் பெயரோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதால், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் கோபத்தில் இருக்கிறது. நாத்தனார் மகள் இந்தக் கணக்கெடுப்பையே கல்லூரி புராஜெக்டாக வைக்க விரும்புகிறாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், அது காத்திருக்காது. அந்தப் பட்டியலை இன்றே குழுவிலிருந்து நீக்குங்கள். பதிவிட்டவரால் இப்போது எல்லாருக்குமாக நீக்க முடியாவிட்டால் குழுவின் நிர்வாகியிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். ஒருவருடைய உடல்நிலைத் தகவல் அவருக்குச் சொந்தமானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல நோக்கத்தோடு செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சோதனைக்குக் கை நீட்டியவர் யாரும், முடிவை ஊருக்குச் சொல்லலாம் என்று உங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

இனி மருத்துவர் சொன்னது. அவர் சொன்ன விஷயம் சரி. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு பெண் ஊருக்காக உழைத்துக் கொண்டுவந்த கணக்கைச் சபையில் வைத்துத் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் மனுவை அது வீணாக்கிவிடவில்லை. உங்கள் கையில் இருப்பது நல்ல தகவல்தான். அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில்தான் சிக்கல்.

38 சதவீதம் யாருடையது?

எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். நாம் யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அவர்கள் எல்லாரும் சேர்ந்தது முழுமைத் தொகுதி. அதிலிருந்து நாம் உண்மையில் சோதித்துப் பார்த்த சிலர் மாதிரி. மாதிரியைப் பார்த்துவிட்டு முழுமைத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறோம். இதற்கு முன்னதாகவே, முழுமைத் தொகுதி எது என்று ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். உங்கள் மனுவில் அந்த வரி இல்லை. அதனால் மூன்று வெவ்வேறு கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். 214 பேரில் 23 பேர் பக்கத்து ஊர்க்காரர்கள், முகாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். 140-க்கு மேல் இருந்த 81 பேரில் 9 பேர் அவர்களில் உண்டு. ஆக உங்கள் ஊர்க் கணக்கு 191 பேரில் 72 பேர். அடுத்து, முகாமில் 30 வயதுக்குக் குறைந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்த 38 சதவீதத்தை 3,300 பேரோடு பெருக்கியிருக்கிறீர்கள். தொட்டிலில் இருக்கும் குழந்தையையும் அதில் சேர்த்துவிட்டீர்கள். மூன்றாவது, அந்த 3,300 என்பதே 2011 கணக்கெடுப்பின் எண். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அதுவரை எல்லா ஊர்களும் பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

140 என்ற எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்காமல் விரலில் குத்திப் பார்க்கும்போது 140-க்கு மேல் வந்தால் "மேற்கொண்டு சோதிக்க வேண்டும்" என்று பொருள். அரசின் பரிசோதனைத் திட்டங்களிலும் அது மேல் சோதனைக்கு அனுப்பும் எல்லைதான். இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் வந்த ஒருவருக்கு 150 காட்டினால் அவரைச் சர்க்கரை நோயாளி என்று எழுத முடியாது. வெறும் வயிற்றில் பார்க்கும்போது 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்கிறோம். அதையும் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இன்னொரு முறை உறுதி செய்துகொள்கிறோம்.

வராதவர்களைப் பற்றி

ஒரு பானைச் சோற்றுக்கு வருவோம். அந்தப் பழமொழி பொய் இல்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், கொதியில் மேலும் கீழும் புரண்டுகொண்டே இருக்கிறது. அதனால் எந்தப் பருக்கையை எடுத்து நசுக்கினாலும் அதே பதம். உங்கள் ஊர் அப்படிப் புரண்டுகொண்டிருக்கவில்லை. தெருத் தெருவாகப் பிரிந்து கிடக்கிறது. அக்ரஹாரத்துச் சாப்பாடு வேறு, கீழத்தெருவின் வேலை வேறு, காலனியின் வருமானம் வேறு.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலனியிலிருந்து 11 பேர்தான் வந்தார்கள்." ஊரில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். 191-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 63-64 பேர் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? முகாம் நடந்தது ஆனியில், குறுவை நடவு நேரத்தில், காலை 10-லிருந்து 1 மணி வரை. நடவுக்குப் போன பெண்கள் அப்போது சேற்றில் நின்றிருப்பார்கள். பள்ளிக்கூடம் இருப்பதும் மேலத்தெருவில். அங்கே போய் வரிசையில் நிற்க எல்லாருக்கும் ஒரே மாதிரி மனம் வருமா என்பதையும் யோசியுங்கள்.

வந்தவர்கள் யார்? 72 பேரில் 46 பேர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இலவசமாக அளவு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்கள். அது இயல்புதான், எந்த முகாமிலும் இதைத்தான் பார்க்கிறோம். சர்க்கரை உள்ளவர் வருவதற்கான வாய்ப்பு, இல்லாதவரைவிட அதிகம். அதனால் முகாமில் கிடைக்கும் சதவீதம் பெரும்பாலும் ஊரின் சதவீதத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொரு பக்கம், காலனியில் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் நோயோடு இருக்கிறவர்கள் இருக்கலாம். அவர்கள் உங்கள் கணக்கில் இல்லவே இல்லை. இரண்டும் சேர்ந்து எண்ணை எவ்வளவு இழுத்துவிட்டது என்பதை முகாம் தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மருத்துவர் "செல்லாது" என்றது இதைத்தான்.

இன்னும் 116 பேரைச் சேர்த்தால் இது சரியாகிவிடாது. உங்கள் தெருவிலும் உறவிலும் கிடைக்கிறவர்களைச் சேர்ப்பீர்கள், அதே சாய்வு இன்னும் பெரிதாகும். அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்தது ஒரு காரணம். திருப்பி அனுப்ப அக்கறைப்பட்டவர்கள் மட்டுமே அனுப்பினார்கள் என்பது இன்னொரு காரணம். 20 லட்சம் பேரைக் கேட்டும் தவறிய அதே தேர்தலை, அதில் சிறு பங்கு பேரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகக் கணித்தார்.

நல்ல மாதிரியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்

டெல்டாக்காரருக்கு இதை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டுக்காக அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது வயலில் நின்று பாருங்கள். அலுவலர் வருவார், கையில் எண்கள் அச்சடித்த ஒரு தாள் இருக்கும் அல்லது கைபேசிச் செயலி இருக்கும். எந்தச் சர்வே எண் என்பதை அந்த எண்கள் சொல்லும். வயலின் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி உள்ளே என்பதையும் எண்களே சொல்லும். அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, நான்கு முளை அடித்து, உள்ளே இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். கயிறு விழுந்த இடம் பச்சையாக இருந்தாலும் சரி, காய்ந்து கிடந்தாலும் சரி, "கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார்" என்று சொல்ல முடியாது. முக்கியப் பயிர்களுக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது 4 இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். அந்தச் சிறு கட்டங்களின் எடையை வைத்துத்தான் ஊர் முழுவதற்கும் மகசூலைக் கணக்கிடுகிறார்கள். 4 போதுமா என்று விவசாயிகள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் நல்லதுதான். ஆனால் இடத்தை மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டார்களே, அதுதான் இதன் உயிர்.

1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகாலனோபிஸ், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை இப்படித்தான் மாதிரி முறையில் கணக்கிட ஆரம்பித்தார். வயல் வயலாக எண்ணுவதைவிடச் செலவு குறைவு. கூலிக்கு எண்ணுகிற பெரும்படையின் கவனக்குறைவும் இதில் குறைவு. 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் போட்ட பாதையில் வந்தது.

உங்களுக்கும் வேண்டியது இதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாக வாய்ப்பு இருக்க வேண்டும், யார் வருவார்கள் என்பதை நீங்களும் முடிவு செய்யக் கூடாது, அவர்களும் முடிவு செய்யக் கூடாது.

எத்தனை பேர்?

10 சதவீதம் என்ற விதியை எங்கே கேட்டாலும் மறந்துவிடச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சோதித்தார்கள். நாட்டில் 11.4 சதவீதம், அதாவது சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டார்கள். இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: முழுமைத் தொகுதி கிட்டத்தட்ட 89 கோடி பேர். ஏறக்குறைய 8,000 பேருக்கு ஒருவரைத்தான் சோதித்திருக்கிறார்கள். 10 சதவீத விதிப்படி என்றால் 8 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் குத்தியிருக்க வேண்டும்.

துல்லியம், மாதிரியில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. முழுமைத் தொகுதியில் அவர்கள் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து மிகக் கொஞ்சமே மாறும். குலுக்கலில் எடுத்த 100 பேர் என்றால் விடை இரு பக்கமும் சுமார் 10 சதவீதப் புள்ளி வரை தள்ளி இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. 1,600 பேர் என்றால் இரண்டரை. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். சென்னை போன்ற பெருநகரத்துக்கு 5 புள்ளித் துல்லியம் வேண்டுமானால் சுமார் 385 பேர் போதும். உங்கள் ஊரில் 30 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 1,700 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அதே துல்லியத்துக்கு 315 பேர் வேண்டும். ஊர் எவ்வளவு சிறுத்தும் 70 பேர்தான் குறைந்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

ஆசிரியர் சொன்ன 30 வேறொரு இடத்தில், சராசரிகளைப் பற்றிய ஒரு கணிதத் தேற்றத்துக்காகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் கைக்கணக்கு. சதவீதத்துக்கு அதை எடுத்தால் பிழை 18 புள்ளி வரை போகும்.

இந்தப் பிழை என்பது யாரோ செய்த தவறில்லை. ஊரின் உண்மைச் சதவீதம் என்று ஒன்று இருக்கிறது. அது ஓர் எண்தான், ஆனால் நமக்குத் தெரியாது. குலுக்கலில் எடுத்த மாதிரியின் சதவீதம் நமக்குத் தெரியும், ஆனால் மறுபடி குலுக்கினால் வேறு ஆட்கள் வருவார்கள், எண் கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட முடிவதுதான் குலுக்கலின் பெரிய பலன். முகாமில் கிடைத்த எண்ணுக்கு இப்படி ஒரு பிழை எல்லையைப் போடவே முடியாது. சூத்திரத்தில் எண்களைப் போட்டால் ஏதோ ஒரு விடை வரும், அதற்குப் பொருள் இருக்காது. நாத்தனார் மகளிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

வீடு வீடாகப் போய் எல்லாரையும் சோதிப்பது முதல் வழி. அதில் மாதிரிப் பிழை இல்லை. ஆனால் 1,700 பேரை உங்கள் குழு எத்தனை வாரத்தில் முடிக்கும்? பாதியில் களைத்துப்போய் கிடைத்தவர்களோடு நிறுத்தினால் மறுபடி முகாம் கணக்குதான். முழுக் கணக்கெடுப்பு என்றால் யாரும் விடுபட மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தித்தான் சரிபார்த்தார்கள். ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். தவிர, எல்லாரையும் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது அரசின் வேலை. உங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு வருகிறார்கள், எதற்கு வருவதில்லை என்று கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது வழி, சதவீதமே வேண்டாம் என்று விட்டுவிடுவது. என் யோசனை இப்போதைக்கு இதுதான். மனுவின் நோக்கம் ஊரில் மருத்துவர் வர வேண்டும் என்பது. அதற்கு ஊரின் சதவீதம் தேவையே இல்லை. "எங்கள் ஊரில் குறைந்தது 46 பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள், அவர்களைப் பெயர் பெயராக எங்களுக்குத் தெரியும், மாத்திரைக்காக 9 கிலோமீட்டர் போகிறார்கள். மேலும் 26 பேருக்கு உடனடியாக மேல் சோதனை தேவை. முகாமுக்கு வராதவர்கள் இதில் இல்லை." இந்த வாக்கியங்களை எந்த மருத்துவரும் மறுக்க முடியாது. 'குறைந்தது' என்ற சொல்லுக்கு முகாம் கணக்கு முழுச் சாட்சி. பெயர்களை மனுவோடு இணைக்க வேண்டாம், எண்ணிக்கை போதும்.

அந்த 26 பேரை மட்டும் மனு முடியும்வரை காக்க வைக்காதீர்கள். இந்த வாரமே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, வெறும் வயிற்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி, குலுக்கல் மாதிரி. ஊரின் நிலைமை உண்மையிலேயே என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், தெருவுக்குத் தெரு வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், இது செய்யத் தகுந்தது. கிராம சுகாதாரச் செவிலியரும் அந்த மருத்துவரும் கூட இருந்தால் மட்டும் செய்யுங்கள். விரலில் குத்துவது செவிலியரின் கையால் நடக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவர் மேல் படக் கூடாது. குத்திய ஊசிகளைக் குப்பையில் போடக் கூடாது, நிலையத்துக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

குலுக்கல் மாதிரி எடுப்பதானால்

முதலில் அந்த ஒரு வரியை எழுதுங்கள்: "கடந்த 6 மாதமாக இந்த ஊரில் குடியிருக்கும், 30 வயதைத் தாண்டிய அனைவரும்." திருப்பூரில் வேலை செய்து தீபாவளிக்கு மட்டும் வருகிறவர் இதில் இல்லை. கல்யாணமாகி வந்த மருமகளும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியும் அந்த வயதில் இருந்தால் உண்டு.

அப்புறம் பட்டியல். வாக்காளர் பட்டியலில் வயதும் வீட்டு எண்ணும் இருப்பதால் அது வசதி. ஆனால் போனவர்கள் பெயர் இருக்கும், புதிதாக வந்தவர்கள் பெயர் இருக்காது. செவிலியரின் குடும்பப் பதிவேட்டோடும் அங்கன்வாடிப் பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள். எந்தத் தெருவாவது முழுசாக விட்டுப்போயிருந்தால் அது இங்கேதான் தெரியும். இந்த வேலைக்கு அவசரப்பட வேண்டாம். பட்டியலில் இல்லாதவர் எந்தக் குலுக்கலிலும் வர மாட்டார்.

1,700 பெயருக்கும் தெரு வரிசைப்படி தொடர் எண் போடுங்கள். 1 முதல் 5 வரை ஐந்து சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். 3 வந்தால் 3, 8, 13, 18 என்று ஐந்தாவது ஐந்தாவது பெயராகப் போங்கள். 340 பேர் கிடைப்பார்கள். பட்டியல் தெரு வரிசையில் இருப்பதால் காலனிக்கு உரிய பங்கு, சுமார் 113 பேர், தானாகவே வந்துவிடும்.

இதற்குப் பிறகு வருவதுதான் கடினமான பகுதி, இங்கேதான் பல கணக்கெடுப்புகள் கெடுகின்றன. எண் 18-க்கு உரிய அம்மா வீட்டில் இல்லை, நாற்றங்காலுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குப் பாரு தாயி" என்று கையை நீட்டுகிறார். அவருக்குச் சோதித்துக் கொடுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களையே சேர்த்துக்கொண்டு போனால், வேலைக்குப் போகிறவர்கள் மறுபடி வெளியே நின்றுவிடுவார்கள். எண் 18-ஐத் தேடி மூன்று முறை போங்கள், அதில் ஒன்றாவது விடியற்காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் போனால் வெறும் வயிற்று அளவும் கிடைக்கும். மூன்று முறைக்குப் பிறகும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையையும் முடிவில் சொல்ல வேண்டும்.

யாராவது வேண்டாம் என்றால் ஒரு வார்த்தைக்கு மேல் வற்புறுத்தக் கூடாது. எதற்காகச் சோதனை, முடிவு யாருக்குத் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சோதனைத் தாளில் பெயர் வேண்டாம், தொடர் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற தாள் செவிலியரிடம் இருக்கட்டும். அளவை வாசலில் நின்று சத்தமாகப் படிக்காதீர்கள். பக்கத்துத் திண்ணைக்குக் கேட்கும்.

உதாரணத்துக்கு, 340-ல் 300 பேர் ஒத்துழைத்து, அவர்களில் 60 பேர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களாகவோ வெறும் வயிற்றில் 126-ஐ எட்டியவர்களாகவோ இருந்தால், 20 சதவீதம். உங்கள் ஊர் அளவுக்குப் பிழை எல்லை இரு பக்கமும் சுமார் 4 புள்ளி. "ஊரில் 30 வயதைத் தாண்டியவர்களில் 16 முதல் 24 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம்" என்று எழுதலாம். இதே முறையில் 100 தடவை குலுக்கி இப்படி எல்லை போட்டால், சுமார் 95 தடவை உண்மை எண் அந்த எல்லைக்குள் இருக்கும் என்பது அதன் பொருள். காலனிக்கு மட்டும் தனியாகச் சதவீதம் சொன்னால் அங்கே சுமார் 100 பேர்தான் இருப்பார்கள், எல்லை அகலமாகும். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கிடைத்த எண்ணை மாநில எண்ணோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். மேலே சொன்ன ஆய்வு தமிழ்நாட்டுக்கு 14.4 சதவீதம் என்கிறது. அது 20 வயதிலிருந்து தொடங்கும் கணக்கு. உங்களுடையது 30-லிருந்து. வயது கூடினால் நோயும் கூடும் என்பதால், உங்கள் எண் பெரிதாக இருப்பதாலேயே ஊர் மோசம் என்று ஆகாது. தேசிய குடும்ப நல ஆய்வு இன்னொரு விதம்: 15 வயதிலிருந்து எடுத்துக்கொண்டு, எந்த நேரத்திலும் குத்திப் பார்த்த அளவு 140-க்கு மேல் இருக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்கிறது. ஒவ்வொன்றின் முழுமைத் தொகுதியும் வேறு, கேள்வியும் வேறு.

கடைசியாக, நாத்தனார் மகளின் புராஜெக்ட். இது அவளுக்கு நல்ல வேலை, ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். ஆனால் மனிதர்களிடமிருந்து ரத்தமும் உடல்நிலைத் தகவலும் எடுக்கும் ஆய்வு என்பதால், தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அவள் கல்லூரியில் அப்படிக் குழு இல்லையென்றால், குழு உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடு சேர்ந்து செய்ய அவளுடைய பேராசிரியர் வழி கேட்கலாம். முகாமில் ஏற்கெனவே எடுத்த 214 பேரின் அளவுகளை அவள் அதில் பயன்படுத்தக் கூடாது. அவர்கள் சம்மதித்தது சோதனைக்கு மட்டும்தான். ஒப்புதல் கையில் வந்த பிறகு முதல் பெயரை எழுதச் சொல்லுங்கள்.